அமலோற்பவம் டாக்டர் எழுதிய மஞ்சள் அட்டை

செய்தியைச் சொன்னது மேரி சிஸ்டர். என் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் இருபது வருடம் வேலை பார்த்தவர். நான் காலைப் பலகாரத்தில் கை வைத்திருந்த நேரம். "சார், அமலி டாக்டர் தவறிட்டாங்க. பூசைக்குப் போயிட்டு வந்து நாற்காலியில உக்காந்தவங்க, அப்படியே..." என்றார். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "மூச்சு இருக்கான்னு ஒழுங்காப் பாத்தீங்களா?" என்று கத்தினேன். எத்தனையோ இறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவன் கேட்கிற கேள்வியா இது? சிஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் அமலி டாக்டர் என்கிற டாக்டர் அமலோற்பவத்தின் கையால் தூங்கி எழுந்தவர்கள். திண்டுக்கல்லில் அறுவை சிகிச்சை செய்ய நாங்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். மயக்க மருந்து கொடுக்க அவரையும் சேர்த்து இரண்டே பேர். மொபெட்டின் முன்னால் கறுப்புப் பையை வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு நான்கு ஆஸ்பத்திரிக்குப் போவார். எனக்குச் சட்டென்று கோபம் வரும், சட்டென்று போய்விடும். அவருக்கு வந்தால் போகாது. நான் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு அவசரப்பட்டால், "செத்த நேரம் பொறுங்க டாக்டர். நீங்க அறுக்குறது கட்டியைத்தான். நான் நிறுத்துறது மூச்சை" என்பார்.

அவரது அந்தக் கேள்வியும் உங்களுக்கு நினைவிருக்கும். யாராக இருந்தாலும் கட்டில் ஓரம் உட்கார்ந்து, "உங்க சொந்தத்துல யாருக்காச்சும் ஆபரேசன் முடிஞ்சு எந்திரிக்க ரொம்ப நேரமாச்சா?" என்று கேட்பார். நம் ஆட்கள் விடுவார்களா? "எங்க சித்தப்பா ஆபரேசன் இல்லாமயே மத்தியானம் வரைக்கும் எந்திரிக்க மாட்டாரும்மா" என்று ஒருவர் சொன்னார். அமலி டாக்டர் சிரித்து முடித்துவிட்டு, அந்தச் சித்தப்பா அப்பா வழியா, அம்மா வழியா, யாரைக் கட்டியிருக்கிறார் என்று கேட்டுப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வட்டமும் கட்டமுமாக அந்தக் குடும்ப வழியையே வரைந்து முடித்தார். நான் வெளியே கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கேள்வி வந்த கதையைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கம். அகரத்தைச் சேர்ந்த ஒரு பஸ் கண்டக்டரின் கல்யாணமான மூத்த மகள் செல்வி, கழுத்தில் ஒரு கட்டியோடு வந்தாள். அரை மணி நேர வேலை. தொண்டைக்குள் குழாய் செலுத்துவதற்கு முன்னால் தசைகளைத் தளர்த்த ஓர் ஊசி போடுவார்கள். சக்சினைல் கோலின் என்று பெயர். போட்டதும் மூச்சு நின்றுவிடும். ஐந்து நிமிடத்தில் ரத்தமே அந்த மருந்தைச் சிதைத்துவிடும், மூச்சுத் திரும்பிவிடும். அதுவரை ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றைக் கொடுக்க வேண்டும். செல்விக்கு நான் கட்டியை எடுத்துத் தையலும் போட்டுவிட்டேன். மூச்சு வரவில்லை.

ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு ஆனது. செயற்கை மூச்சுக் கருவியெல்லாம் அப்போது எங்கள் ஆஸ்பத்திரியில் ஏது? அமலி டாக்டர் பையை அழுத்திக்கொண்டே இருந்தார். கை மாற்றிவிட மேரி சிஸ்டர் வந்தபோதும் எழுந்திருக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்து நாடி பார்த்தார். "இனி தேறாது. வெளிய அவங்கப்பன்கிட்டச் சொல்லிரட்டுமா?" என்றேன். "உங்க வேலை முடிஞ்சிருச்சுல்ல? வெளிய போய் நில்லுங்க" என்றார். அப்படியே போய் நின்றேன். நான்காவது மணி நேரத்தில் செல்வியின் விரல் அசைந்தது.

மறுநாள் ரவுண்ட்ஸ் போனபோது செல்வி என்னைப் பார்த்து, "நேத்து எங்கப்பாகிட்டச் சொல்லிட்டீங்களா டாக்டர், நான் தேறமாட்டேன்னு?" என்று கேட்டாள். மயக்கம் எப்போதோ தெளிந்துவிட்டிருக்கிறது. கண்ணைத் திறக்க முடியாமல், சுண்டுவிரலைக்கூட அசைக்க முடியாமல், அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். அமலி டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அதற்குப் பிறகு எந்த ஆபரேஷனிலும் அவர் நோயாளியின் காதோரம் பேசிக்கொண்டே இருந்தார். "நான் இங்கனதாம்மா இருக்கேன். உனக்குப் பதிலா நான் மூச்சு விட்டுக்கிட்டிருக்கேன்" என்பார். நாங்கள் கேலி செய்தோம். இன்றைக்கும் அந்த நான்கு மணி நேரத்தை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

பிறவியிலேயே சிலர் ரத்தத்தில் அந்த மருந்தைச் சிதைக்கும் நொதி வேலை செய்யாது. நாங்கள் எல்லோரும் படித்துப் பரீட்சை எழுதி மறந்த பாடம். தாயும் தந்தையும் ஆளுக்கொரு பாதியாகக் கொடுத்தால்தான் பிள்ளைக்கு அது வரும். செல்வியின் அப்பா கட்டியிருந்தது சொந்த அக்காள் மகளை. அமலி டாக்டர் விடவில்லை. அந்த வீட்டுக்குப் போய் எல்லோரிடமும் ரத்தம் எடுத்து, பால் பிளாஸ்கில் ஐஸ் போட்டு, மதுரைக்குப் பஸ்ஸில் கொண்டுபோய்ச் சோதிக்கக் கொடுத்தார். செல்வியின் தங்கை கலாவுக்கும் அதே குறை. இரண்டு பெண்களுக்கும் மஞ்சள் அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் தம் கையாலேயே எழுதினார்: இவருக்கு இந்த ஊசி போடக் கூடாது, போட்டால் பல மணி நேரம் மூச்சு வராது, வேறு மருந்து கொடுக்கலாம். தாலி மாதிரி எப்போதும் கூடவே இருக்கட்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார்.

இனி நான் எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட.

இரண்டு மாதம் கழித்துக் கண்டக்டர் என்னைப் பார்க்க வந்தார். எரியோட்டில் தூரத்துச் சொந்தத்தில் கலாவுக்கு மாப்பிள்ளை பார்த்துப் பேச்சு முடிந்திருந்தது. "டாக்டரம்மா இந்த அட்டையைக் கல்யாணத்துக்கு முன்னாடியே மாப்பிள்ளை வீட்டுல குடுக்கச் சொல்றாங்க சார். ரத்தத்துல குறையின்னு தெரிஞ்சா எவன் சார் கட்டுவான்? நீங்க பெரிய டாக்டரு. நெசமாவே இது வேணுமா?" என்றார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். எனக்கு அந்த மனிதர் மேல் இரக்கமும் வந்தது. அதைவிட, என் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் நான்கு மணி நேரம் மூச்சில்லாமல் கிடந்தாள் என்று சொல்லாமல் சொல்லும் அட்டை ஊர் ஊராகப் போவதில் எனக்கு விருப்பமில்லை. "இதெல்லாம் லட்சத்துல ஒருத்தருக்கு வர்றது. அட்டையெல்லாம் வேணாம். ஞாபகம் வச்சுக்கிட்டு வாயால சொன்னாப் போதும். கல்யாணத்தை நடத்துங்க" என்றேன். அவர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

விஷயம் தெரிந்து அமலி டாக்டர் என் அறைக்கு வந்து போட்ட சத்தத்தில் கம்பவுண்டர் கதவைச் சாத்தினார். "அந்தப் புள்ளை நினைவில்லாமக் கெடந்தா எந்த வாயால சொல்லும்? ரத்தத்துல குறையின்னா கட்டமாட்டானாம்! உசுரோட இருக்கணும்ல, கட்டுறதுக்கு!" என்றார். நான் எதிர்த்துக் கத்தினேன். கல்யாணம் முடிந்ததும் கொடுத்துவிடச் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். மறந்துபோனேன். அமலி டாக்டர் போய்க் கேட்டபோதெல்லாம் கண்டக்டர், "குடுத்துட்டோம்மா" என்றிருக்கிறார்.

கல்யாணமாகி மூன்றாம் வருடம், பிரசவத்தில் கலாவுக்கு வலிப்பு வந்தது. நினைவு தப்பிய நிலையில் வேறோர் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவசரமாக வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். அந்த ஊசியைத்தான் போட்டார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? வழக்கமான நேரத்தில் மூச்சு வந்துவிடும் என்று குழாயை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை பிழைத்தது. கலா பிழைக்கவில்லை.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி நடந்ததுண்டா என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். அக்காவுக்கு நடந்தது என்று கண்டக்டர் சொன்னார். கலாவின் கணவன் முருகேசன் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். பயந்துபோன கண்டக்டர், "அந்தத் திண்டுக்கல் டாக்டரம்மா எங்களுக்கு ஒண்ணுமே வெவரம் சொல்லலப்பா" என்று சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவியது. சில ஆஸ்பத்திரிகளில் அமலி டாக்டரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். என் காதுக்கும் எல்லாம் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் மறுத்துச் சொல்லவில்லை என்று ஒருநாள் அவரிடமே கேட்டேன், கேட்க எனக்கு வெட்கமாகக்கூட இல்லை. "புள்ளையைப் பறிகொடுத்த மனுசன். நீதான்யா காரணம்னு போய்ச் சொல்லச் சொல்றீங்களா?" என்றார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சில வருடம் கழித்து டாக்டர்கள் கூட்டம் ஒன்றில், சென்னையிலிருந்து வந்த ஒருவர் திரையில் படம் காட்டிப் பேசினார். இனிவரும் காலத்தில் ஆளின் மரபணுவைப் பார்த்துத்தான் மருந்து எழுதப்போகிறோம் என்றார். அமலி டாக்டர் எழுந்தார். "சந்தோசம். எங்க ஊருல பஸ்ஸைப் புடிச்சு ஆபரேசனுக்கு வர்ற ஆளுக்கு அது எப்ப வந்து சேரும்? அதுவரைக்கும் அவங்க சொந்தக்காரங்களைப் பத்தியாவது கேக்கச் சொல்லி உங்க படத்துல ஒரு வரி போடுங்க. அதுக்கு மெசினு வேணாம்" என்றார். கை தட்டினார்கள். பின் வரிசையில் யாரோ, "அந்த எரியோட்டுக் கேஸு இவங்கதானே?" என்று கிசுகிசுத்தார். அவருக்கும் கேட்டது. அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான். பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன்.

அடக்கத்துக்குக் கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் தாங்கவில்லை. மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது ஒரு பெண் வழியை மறித்தாள். செல்வி. தலையில் நரை. "அப்பா போன வருசம் இறந்துட்டாரு. சாகுறப்பத்தான் எல்லாத்தையும் சொன்னாரு. அட்டை டிரங்குப் பெட்டியிலயே கெடந்திருக்கு டாக்டர்" என்றாள். அவள் என்னைத் திட்டுவதற்கு வரவில்லை.

"கலா மகளுக்கு ஒம்பது வயசு. அதுக்கும் ரத்தம் பாக்கணும்னு டாக்டரம்மா எரியோட்டுக்கு மூணு தடவை போனாங்க. கலா வீட்டுக்காரரு வாசல்லயே நிக்க வச்சு, எம் பொண்டாட்டியைக் கொன்னது பத்தலையான்னு கேட்டு வெரட்டிட்டாரு. நான் சொன்னா, உங்கப்பனைக் காப்பாத்தப் பேசுறேங்குறாரு. நீங்க சொன்னா நம்புவாரு. அந்தப் புள்ளைக்கு நாளைக்கே வயித்துவலி வந்து எங்கயாச்சும் படுக்க வச்சா என்ன செய்யுறது?"

இத்தனை வருடமும் என் மௌனத்தால் கெட்டது அவர் பெயர் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அந்தக் குழந்தைக்கும் அட்டைக்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த வாரமே எரியோட்டுக்குப் போனேன். முருகேசன் வாசலில் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். யார் என்று கேட்டான். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தான். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன்.

"அந்தம்மா மூணு தடவை வந்துச்சு சார். மூணாவது தடவை வெயில்ல நின்னு, எம் மேல கோவத்தை வச்சுக்கோ அப்பு, புள்ளைக்கு மட்டும் பாத்துருன்னு சொல்லுச்சு. நான் தண்ணிகூடக் குடுக்கல. ஒரு தடவைகூட உங்க பேரைச் சொல்லலையே!" என்றான். பிறகு உள்ளே பார்த்து, "பாப்பா, இங்கிட்டு வாடா" என்று கூப்பிட்டான். அந்தச் சிறிய கையில் நானே ரத்தம் எடுத்தேன்.

சோதனை முடிவு வந்தது. குழந்தைக்கும் அதே குறைதான். முருகேசனிடமும் ஒரு பாதி இருந்திருக்கிறது. மஞ்சள் அட்டை வாங்கி, அவர் எழுதிய அதே வாசகத்தை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெண் எழுத்துக் கூட்டி முழுவதையும் வாசித்தாள். வாசித்துவிட்டு, "எங்கம்மாவுக்கு இந்த மாதிரி ஒண்ணு ஏன் யாரும் எழுதிக் குடுக்கல?" என்று கேட்டாள்.

"எழுதிக் குடுத்தாங்கம்மா. அமலோற்பவம்னு ஒரு டாக்டர். நான்தான் வேணாம்னு சொல்லிட்டேன்" என்றேன்.

அமலி டாக்டரை அறிந்தவர்களே, அவரைப் பற்றித் தப்பாகப் பேசியவர்களே, உங்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். அந்த வாசலில் மூன்று முறையும் அவர் என் பெயரைச் சொல்லாமலே திரும்பினார். அவர் எனக்கென்று விட்டுப்போனது அந்தச் சொல்லாத பெயர் ஒன்றைத்தான். இனி கேட்கிற இடத்திலெல்லாம் அதை நானே சொல்லிக்கொள்கிறேன்.