இருபத்தொரு தட்டு ஸ்வீடன்

என் தம்பி அழகுபாண்டி ஸ்வீடனில் சமையல்காரன். தம்பி என்றால் கூடப்பிறந்தவன் இல்லை, சித்தப்பா மகன். வாடிப்பட்டியில் பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு தடவை கோட்டை விட்டுவிட்டு, மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு ஓட்டலில் வெங்காயம் உரிக்கப் போனவன். பிறகு சென்னை, பிறகு துபாய், பிறகு யார் கையைக் காலைப் பிடித்தானோ, ஸ்டாக்ஹோம். ஒன்பது வருடமாக அங்கே ஒரு இந்திய ஓட்டலில் வெள்ளைக்காரனுக்குப் பிரியாணி போடுகிறான். நல்ல பையன். ஒரே குறை, சொன்னால் சொன்னதை அப்படியே செய்துவிடுவான்.

நான் கண்ணுச்சாமி. வாடிப்பட்டியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எனக்கு முன்கோபம் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. வராமல் என்ன செய்யும், நீங்களே கேளுங்கள்.

அழகுபாண்டிக்கு ஒரே அக்கா, முத்துமீனா. அவளுடைய மூத்த பெண் ஆர்த்திகாவுக்கு ஏழு வருடத்துக்கு முன் காதுகுத்து வைத்தார்கள். பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்த வேண்டும், சீர்த்தட்டும் அவன்தான் கொண்டுவர வேண்டும். இவனுக்கோ லீவு கிடைக்கவில்லை. எனக்குப் பணம் அனுப்பி, "அண்ணே, நீங்களே எல்லாத்தையும் வாங்கி, நீங்களே உக்காந்துருங்க" என்றான். நானும் கடையைப் பூட்டிவிட்டுக் கீழமாசி வீதியில் வெயிலில் அலைந்து இருபத்தொரு தட்டுக்கும் சாமான் வாங்கினேன். மடியையும் கொடுத்தேன். எல்லாம் முடிந்தபிறகு முத்துமீனா ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"மாமன் உசுரோட இருக்கையில, எம் பிள்ள அடுத்தவன் மடியில உக்காந்து காது குத்துச்சு."

அதோடு தம்பியிடம் பேச்சை நிறுத்தினவள்தான். அவன் கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டாள். அவன் ஒவ்வொரு பொங்கலுக்கும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவளுக்கு அவன்மேல் கோபம், நியாயம்தான். ஆனால் நான் அடுத்தவனா? வெயிலில் அலைந்தவன் அடுத்தவனா? ஏழு வருடமாக எனக்கு இது அடங்கவில்லை.

இந்த வருடம் அவளுடைய சின்னப் பெண் ரோகிணிக்குக் காதுகுத்து என்று நாள் குறித்தார்கள். அழகுபாண்டி ஆறு மாதம் முன்னாடியே லீவு சொல்லி டிக்கெட்டும் போட்டுவிட்டான். முத்துமீனா என்னைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினாள்.

"வந்தா வரட்டும்ணே. ஆனா காச நீட்டி ஆள விட்டு வாங்குற சீரு எனக்கு வேணாம். ஒவ்வொண்ணும் அவன் கையால பாத்துப் பாத்து எடுத்ததா இருக்கணும். இல்லாட்டி பிள்ளைய அவன் மடியில வைக்க மாட்டேன்."

நான் இதை அப்படியே போனில் ஒப்பித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "எங் கையால எடுக்கணும்னா நான் இருக்குற ஊர்லதானண்ணே எடுக்கணும்" என்றான். வந்து இறங்கி மதுரையில் எடுக்கலாமேடா என்றால், விமானம் இறங்குவதே விசேஷத்துக்கு முதல் நாள் சாயங்காலம். வேறு நாளில் அவன் முதலாளி விடமாட்டானாம்.

அந்த ஊரில் அவனுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஒரு திங்கட்கிழமை பெரிய சூப்பர்மார்க்கெட்டில் நின்றுகொண்டு வீடியோவில் கூப்பிட்டான். நான் ஒரு கம்ப்ரசர் மோட்டாரைப் பிரித்துப்போட்டுக் கையெல்லாம் வார்னிஷாக இருந்தேன்.

"அண்ணே, இதப் பாருங்க" என்று வட்டமாக ஒன்றைத் தூக்கிக் காட்டினான். சாப்பாட்டுத் தட்டு அகலம், நடுவில் ஓட்டை, மேலெல்லாம் புள்ளி.

"என்னடா அது, வாஷரா?"

"ரொட்டிண்ணே. கம்பு மாதிரி ஒரு தானியத்துல பண்ணுறது. வருசக் கணக்கா கெடாது. அந்தக் காலத்துல குச்சியில கோத்துத் தொங்க விடுவாங்களாம்."

"கெடாதுங்கிறதுக்காகச் சீர் வைப்பாங்களாடா?"

அவன் காதில் வாங்கவில்லை. அடுத்து ஒரு பாட்டில், சிவப்பாகப் பழ ஜாம். காட்டில் விளைகிற புளிப்புப் பழமாம். கறி உருண்டைக்குத் தொட்டுக்கொள்வார்களாம். கோலா உருண்டைக்கு ஜாம் தொட்டுக்கொள்கிறவன் ஊரில் என் தம்பி ஒன்பது வருடம் இருந்திருக்கிறான் என்று வார்னிஷ் கையோடு தலையில் அடித்துக்கொண்டேன். அடுத்து, பல் விளக்கும் பேஸ்ட் மாதிரி ஒரு ட்யூப். உள்ளே உப்புப் போட்ட மீன் சினை. அவித்த முட்டைமேல் பிதுக்கிச் சாப்பிட வேண்டும். அதற்கடுத்து சீனியும் வினிகரும் ஊற்றி ஊறவைத்த மீன்.

"சீனி போட்ட மீனா?"

"சாப்பிட்டுப் பாத்தா விட மாட்டீகண்ணே."

ரோஜாச் செடியின் காயில் பண்ணுகிற சூப்புப் பொடி, பழுப்பு நிறத்தில் பால்கட்டி, இஞ்சியும் பட்டையும் போட்ட மெல்லிய பிஸ்கட் என்று வண்டியை நிரப்பிக்கொண்டே போனான். கடைசியாகக் கறுப்பு மிட்டாய் ஒரு மூட்டை. "இது நம்ம அதிமதுரந்தாண்ணே. கூட உப்பும் நவச்சாரமும் சேத்துருப்பாங்க" என்றான்.

நவச்சாரம் என் கடையிலும் இருக்கிறது. சால்டரிங் அயர்ன் முனையைச் சுத்தம் செய்ய வைத்திருக்கிறேன். தொட்டால் கையைக் கழுவாமல் டீ குடிக்க மாட்டேன்.

"டேய், ஊர் சிரிக்கும்டா. பேசாம நாலு கிலோ சாக்லெட்ட வாங்கிட்டு வா."

அவன் கேமராவைத் தன் முகத்துக்குத் திருப்பினான். பிறகு, "சாக்லெட்ட எவன் வேணாலும் வாங்குவாண்ணே. இதெல்லாம் எனக்குப் பிடிச்சது. ஓட்டல்ல மசாலா வாடையிலயே கெடந்துட்டு, லீவு நாள்ல இந்த ரொட்டியில மீன் சினையத் தடவித் தின்னாத்தான் எனக்கு மனுசனாட்டம் இருக்கு. பாத்துப் பாத்து எடுக்கச் சொல்லுச்சுல்ல அக்கா. பிடிச்சதத்தானண்ணே எடுக்க முடியும்" என்றான்.

போனை வைத்துவிட்டு மோட்டாரைப் பார்த்தேன். காயிலைத் தப்பாகச் சுற்றியிருந்தேன்.

விசேஷத்தன்று மாரியம்மன் கோயிலிலிருந்து மண்டபம் வரை மேளம் முழங்கச் சீர் வந்தது. பட்டுப்பாவாடை, தோடு, பூ, வாழைப்பழம் என்று, முதல் நாள் சாயங்காலம் இறங்கின கையோடு மதுரையில் அவனே எடுத்தது நாலு தட்டு. மிச்சம் பதினேழும் ஸ்வீடன். மஞ்சள் கண்ணாடித்தாள் சுற்றி, எங்கள் வீட்டுப் பெண்கள் தலைநிமிர்ந்துதான் தூக்கிவந்தார்கள். ரொட்டித் தட்டைத் தூக்கிய என் மனைவி மட்டும் முகத்தைச் சேலையால் மறைத்துக்கொண்டாள். மைக்கில் மொக்கையன் இருந்தான். வழக்கமாக ஒவ்வொரு தட்டையும் வாய் மணக்க வர்ணிப்பான். அன்றைக்கு, "ஆறாவது தட்டு, ரொட்டி. ஏழாவது தட்டு, அதே ரொட்டி, கொஞ்சம் மெலிசு. எட்டாவது தட்டு..." என்று நிறுத்தி, மைக்கைப் பொத்தாமலே, "கண்ணுச்சாமிண்ணே, இது மருந்தா?" என்று கேட்டான்.

எதற்கும் இருக்கட்டும் என்று நானும் பட்டு வேட்டி கட்டித்தான் போயிருந்தேன். ஆசாரி ஊசியோடு மணையில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளை அவளுடைய அப்பன் வீரணன் தோளில் கிடந்தாள். அழகுபாண்டி கையைக் கட்டிக்கொண்டு அக்காவைப் பார்த்தபடி நின்றான். முத்துமீனா தட்டுகளைப் பார்த்தாளே தவிர அவனைப் பார்க்கவில்லை.

அப்போது வீரணனுடைய தங்கச்சி, முத்துமீனாவுக்கு நாத்தனார், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கண்ணாடித்தாளுக்குள் இருந்த ட்யூபைக் குனிந்து பார்த்து, "என்ன மதினி, ஒன் தம்பி சீர் கொண்டாந்துருக்கானா, இல்ல அந்த ஊர்ல கடையக் காலி பண்ணும்போது கெடந்தத அள்ளிட்டு வந்துட்டானா? இதையெல்லாம் மனுசன் திம்பானா?" என்றாள்.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்திருப்பேன், ஆனால் முத்துமீனா முகத்தைப் பார்த்துவிட்டேன். தம்பிமேல் ஆயிரம் கோபம் இருக்கட்டும், பிறந்த வீட்டுச் சீரை நாத்தனார் குறைசொல்ல விடுவாளா?

"ஏன், திங்காம? எந் தம்பி எடுத்தது" என்று சொல்லி, கண்ணாடித்தாளைக் கிழித்து, கறுப்பு மிட்டாயில் இரண்டை ஒன்றாக எடுத்து வாயில் போட்டாள்.

நாத்தனார் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். துப்ப முடியாது. முத்துமீனா மென்றாள். கழுத்து நரம்பு எழும்பியது. "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அடுத்து ரொட்டியை உடைத்தாள். அந்தச் சத்தம் மேளக்காரர் வரைக்கும் கேட்டது. அதன்மேல் மீன் சினையைப் பிதுக்கித் தின்றாள். "இதுவும் நல்லாருக்கு." கண் கலங்கிவிட்டது. நாத்தனார் இன்னும் நகரவில்லை. பாட்டிலைத் திறந்து சீனி போட்ட மீன் ஒரு துண்டை விழுங்கினாள். இந்தத் தடவை நல்லாருக்கு என்று சொல்ல அவளால் முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

பிறகு நாத்தனாரை விலக்கிவிட்டு நேரே தம்பி முன்னால் போய் நின்றாள். கண்ணீர் தாரைதாரையாக ஓடியது.

"ஒம்போது வருசமா இதத் தின்னுக்கிட்டாடா கெடந்த?"

ஏழு வருடத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது. அழகுபாண்டி வாயைத் திறந்தான். என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரியும். பிடித்துத்தான் தின்றேன் என்று சொல்லப்போகிறான். சொல்லித் தொலைத்தால் எல்லாம் போயிற்று. நான் அவனை ஒரு முறை முறைத்தேன். அவன் வாயை மூடினான். தன் பதினேழு தட்டையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"ஆமாக்கா" என்றான்.

"சொல்லித் தொலைய வேண்டியதுதானடா. ஒரு போனு போட்டு, அக்கா, இங்க இந்தக் கருமத்தத் திங்கிறேன்னு சொல்லியிருந்தா நான் பேசாம இருந்துருப்பனா?"

"நீ போன எடுக்கலையேக்கா."

அவள் அவன் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு அதே தலையைப் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அந்தக் கல்நெஞ்சக்காரி அழுவதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன். வீரணனிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கி, "உக்காருடா" என்று அவன் மடியில் வைத்தாள். ஆசாரி ஊசியை எடுத்தார். ரோகிணி போட்ட அலறலில் மொக்கையன் மைக்கை அணைத்துவிட்டான்.

பந்தியில் முத்துமீனா வேறு யாரையும் அவனுக்குப் பரிமாற விடவில்லை. கறிச்சோற்றை அவளே அள்ளி வைத்தாள். அவன் முடிக்க முடிக்க வைத்தாள். போகிற வருகிறவர்களிடமெல்லாம், "பாவம், நாக்கு செத்துப்போயி வந்துருக்கான்" என்றாள். அழகுபாண்டிக்கு நெற்றியில் வேர்த்து வழிந்தது. பக்கத்து இலையெல்லாம் எடுத்து, பெஞ்சைத் துடைத்து, அடுத்த பந்திக்கு ஆள் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் போதும் என்று சொல்கிற வரைக்கும் அவன் இலையை மடிக்கவில்லை.