ஊர்மக்கள் பரந்தாமனும் கோரைப்பள்ளமும்

பாடிக்கும் அம்பத்தூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுவது பரந்தாமனுக்கு உபதொழில். முக்கியத் தொழில், ஊர்மக்களாக இருப்பது. கள்ளிக்குப்பத்தைச் சுற்றி யார் மரம் நட்டாலும், குளம் தூர்வாரினாலும், "உள்ளூர் மக்கள் பங்கேற்பு" என்று ஒன்று தேவைப்படும். தோளில் பச்சைத் துண்டோடு பரந்தாமன் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டால் பங்கேற்பு முடிந்தது. மைக்கைக் கொடுத்தால், "இனிமே நாங்க பாத்துக்கறோம்" என்பார். கைதட்டல், பிரியாணி, ஒரு பனியன். அவர் வீட்டுக் கொடியில் காயும் பனியன்களை வைத்தே இந்த வட்டாரத்தின் சுற்றுச்சூழல் வரலாற்றை எழுதிவிடலாம். அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன மரக்கன்றுகளை மாடுகள் பார்த்துக்கொண்டன.

கோரைப்பள்ளத்தில்தான் மனிதர் மாட்டிக்கொண்டார். அவர் வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் சதுப்பு அது. கோரையும் சம்பம்புல்லும் காலங்காலமாக மக்கிக் கறுத்த மண். மனை போட யாரோ வெட்டிய கால்வாயில் தண்ணீரெல்லாம் வடிந்துபோக, போன கோடையில் எவனோ குப்பைக்கு வைத்த நெருப்பு மண்ணுக்குள் இறங்கிவிட்டது. மேலே சுவாலை இல்லை. அடியில் கணகணவென்று வெந்தது. தீயணைப்பு வண்டி நனைத்துவிட்டுப் போகும்; மறுநாள் வேறிடத்தில் புகையும். அந்தப் புகையில் பரந்தாமனின் மனைவி அஞ்சலைக்கு இளைப்பு கண்டு, ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் குழாயோடு கிடந்தார். "இன்னொரு கோடை இப்படி ஆகக் கூடாது" என்றார் டாக்டர், கோடை ஏதோ பரந்தாமனின் ஆட்டோவில் ஏறி வருவதுபோல.

அடுக்குமாடிக் குடியிருப்பிலிருக்கும் கிருஷ்ணப்பிரியா ஆள் திரட்டிக் கால்வாயை மண்மூட்டைகளால் அடைத்தார். ஈர மண் எரியாது, திட்டம் அவ்வளவுதான். பக்கத்தில் பெரிய ஃப்ளெக்ஸ். 'எங்கள் சதுப்பு, எங்கள் பொறுப்பு' என்று பரந்தாமன் அதில் பல்லெல்லாம் தெரியக் கும்பிட்டார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம் தேங்கிய தண்ணீர், அஞ்சலையின் தம்பி தமிழரசு வீட்டு வாசற்படியைத் தொட்டது. அவன் கடப்பாரையோடு அடைப்புக்கு வந்தான். பின்னால் தெருவே வந்தது. பரந்தாமன் ஓடிப்போய் மூட்டைகள் மேல் ஏறி நின்றார்.

"எறங்கு மாமே. ஊட்டுக்குள்ள தண்ணி வந்துகினு கீது."

"இத்த ஒடச்சா மொத்தமும் வடிஞ்சிடும் மச்சான். கோடைக்கு மறுபடியும் மண்ணு எரியும்."

"இன்னாத்துக்கு சீன் போட்ற? போட்டோக்காரன்கூட வரல. யாருக்கோசரம் நிக்கிற?"

கூட்டம் சிரித்தது. பரந்தாமனுக்கே அது நியாயமான கேள்வியாகப் பட்டது. போனில் கூப்பிட்டுப் பார்த்தார்; கிருஷ்ணப்பிரியா எடுக்கவில்லை. கால் வழுக்கியது. தமிழரசு ஒரு குத்துக் குத்தினான். கீழ்மூட்டை ஒன்று கிழிந்து சேறு கசிந்தது. மறுபடி ஓங்கினான்.

"உங்க அக்காளுக்கோசரம்டா! அவ மூச்சுக்குத் தவிச்சப்போ நீயுந்தானே பக்கத்துல குந்திகினு அழுத?"

கடப்பாரை இறங்கவில்லை. தோளுக்கும் போகவில்லை.

"அப்போ என் புள்ளைங்க தண்ணில படுக்கணுமா?" என்றான் தமிழரசு.

இதற்கு மைக்கில் சொல்லிப் பழகிய பதில் எதுவும் பொருந்தவில்லை. பரந்தாமன் காலடியைப் பார்த்தார்.

"மேல் வரிசைய மட்டும் எடுத்துடலாம். உன் படிக்கு மேல ஏறாம வழிஞ்சு போவட்டும். மிச்சத்தத் தொடாத."

"வழியற தண்ணி மண்ண அரிச்சா? எல்லாம் பூடும்."

பரந்தாமன் சுற்றுமுற்றும் பார்த்தார். "அந்த ஃப்ளெக்ஸ அவுத்துக் குடு."

"உன் மூஞ்சி கீதே மாமே!"

"அது கெடக்குது, அவுருடா."

மேல் வரிசை இறங்கியது. மீதி மூட்டைகளின் மேல் ஃப்ளெக்ஸை விரித்து, ஓரமெல்லாம் கல்லை ஏற்றினார்கள். கும்பிட்ட கைகள் மேலும், பல் மேலும் தண்ணீர் ஏறி வழிந்தது. தமிழரசு படியைப் பார்க்க வீட்டுப் பக்கம் ஓடினான்.

"ஏறல!" என்று அங்கிருந்து கத்தினான்.

கிழிந்த மூட்டையின் வாயில் பரந்தாமன் தன் பனியனைக் கழற்றித் திணித்துவிட்டு, அங்கேயே குந்தினார். போன் அடித்தது. கிருஷ்ணப்பிரியா.

"சாரிண்ணா, மீட்டிங்ல இருந்தேன். அங்க யாராவது பாத்துக்கறாங்களா?"

"பாத்துகினுதாம்மா கீறோம்," என்றார். கண் கிழிந்த மூட்டையை விட்டு நகரவில்லை.