நின்று நின்று போன வண்டி

கிளம்பும்போது எங்கள் வண்டியில் ஒரு குறையும் இருக்காது. சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினால் ஒரே உறுமல்தான். மன்னார்குடியைத் தாண்டி இரண்டு பக்கமும் வயல் விரியும் வரைக்கும் சமர்த்தாக வரும். அப்புறம் ஏதாவது ஓரிடத்தில் லேசாக விக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்னும் அதிகமாக விக்கும். அப்படியே மெல்ல அடங்கி, சாலையோரம் உருண்டு போய் நின்றுவிடும். கொஞ்ச நேரம் அதன் போக்கில் விட்டுவிட்டுத் திரும்பச் சாவியைத் திருப்பினால், எதுவுமே நடக்காததுபோல ஓடும்.

மாமனார் வைத்திருந்த பழைய வெள்ளைக் கார் அது. கார்புரேட்டர் காலத்து வண்டி. அவருக்குப் பிறகு நான்தான் ஓட்டினேன். வயலுக்கு, உரக்கடைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, கல்யாணங்களுக்கு என்று எல்லாவற்றுக்கும் அதுதான். வீட்டுக்காரர் கல்யாணமான நாள் முதல் வளைகுடாவில் வேலை பார்ப்பவர். லீவில் வருவார், விருந்தாளி மாதிரி இருப்பார், போய்விடுவார். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஊரில் இருக்கும்படி லீவு கிடைத்திருந்தது. பூஜை முடிந்த அடுத்த வாரம் வண்டி நிற்க ஆரம்பித்தது.

லீவு முடியப்போகிற சமயத்தில் அவர் கம்பெனிக்கு போன் போட்டு நீட்டித்துக்கொண்டார். "வண்டிய இப்படியே விட்டுட்டுப் போனா நீ எங்கயாவது நடுரோட்டுல நிப்ப. சரி பண்ணிட்டு டிக்கெட் போட்டுக்கறேன்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். முகத்தை மறைக்கத்தான் போனேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அவர் போகக்கூடாது என்பதுதான் என் ஆசை. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் வேலைக்குப் போய்விட்டார்கள். குத்தகைக்கு விட்டிருந்த நிலமும் திரும்பி வந்துவிட்டது. ஆனால் இருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. வாழ்நாள் முழுக்க அங்கே ஓடியாடிய மனுஷனுக்கு இங்கே என்ன இருக்கிறது? சொல்லி, அவர் தயங்கிவிட்டால்? அந்தத் தயக்கத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அதனால் வண்டி சரியாகாமல் இருக்கட்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு வேண்டுதல் வேறு எந்தப் பெண்பிள்ளையும் வைத்திருக்கமாட்டாள்.

பெட்ரோல் ஒழுங்காக வந்து சேரவில்லை, அதுதான் நோய் என்று முதல் நாளே அவர் சொல்லிவிட்டார். எங்கே தடைபடுகிறது என்பதுதான் தெரியவில்லை. கார்புரேட்டரைக் கழற்றி வாசலில் பழைய வேட்டியை விரித்து வைத்தார். ஜெட் எனப்படும் சின்னப் பித்தளைத் துண்டுகளை எடுத்து, அதன் துளைகளில் வாயால் ஊதினார். ஊதிவிட்டு வானத்துக்கு நேராகப் பிடித்து ஒற்றைக்கண்ணால் பார்த்தார். எனக்கும் காட்டினார். அந்தச் சின்ன ஓட்டைக்குள் ஐப்பசி மேகம் ஒரு துளி தெரிந்தது. எல்லாவற்றையும் மாட்டி ஓட்டினோம். மதுக்கூர் தாண்டி ஒரு மதகுக்குப் பக்கத்தில் நின்றது.

அடுத்து ஃபில்டரை மாற்றினார். நின்றது. டேங்கைக் காலி செய்து, அடியில் தங்கியிருந்த துருவை வழித்தார். நின்றது. பட்டுக்கோட்டை மெக்கானிக் ஒருவர், இப்போது வருகிற பெட்ரோல் பழைய ரப்பரை அரித்துவிடும் என்று சொல்லி எல்லாக் குழாயையும் புதுசாகப் போட்டார். அப்படியும் நின்றது. சூட்டில் பெட்ரோல் ஆவியாகிறது, பம்பின் மேல் ஈரத்துணி போடுங்கள் என்று சாலையில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திச் சொன்னார். எங்கள் பக்கத்தில் வண்டி நின்றால் போதும், யோசனைக்குப் பஞ்சமே இருக்காது. என் துண்டு ஒன்று பம்புக்குப் போனது. அதற்கும் வண்டி மசியவில்லை.

பேராவூரணி வரைக்கும் நிற்காமல் போய் வந்துவிட்டால் வண்டி சரி என்று அவர் கணக்கு வைத்திருந்தார். நான் ஓட்டுவேன், அவர் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு இஞ்சின் சத்தத்தைக் கேட்டபடி வருவார். பல நாள் அப்படிப் போனோம். எங்கே போகிறோம் என்று கேட்டால் சொல்ல ஊர் இருக்கும், வேலை இருக்காது. நட்டு முடித்த சம்பா வயல்களில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. நாற்றுக்கு நடுவே வானம் கிடந்தது. வண்டி நின்றதும் நாங்கள் வரப்பில் உட்கார்ந்துகொள்வோம். இஞ்சின் ஆறுகிற சத்தம் டிக் டிக்கென்று கொஞ்ச நேரம் கேட்கும், அப்புறம் தவளைச் சத்தம் மட்டும்தான். ஒரு நாள் வாய்க்கால் முழுக்க வாத்துகள் எங்களைக் கடந்து போயின. கடைசி வாத்து போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். நேரம் போனது தெரியவே இல்லை.

கல்யாணமாகி இவ்வளவு காலத்தில் இப்படிச் சும்மா உட்கார்ந்ததில்லை. லீவு என்றாலே எங்களுக்கு ஓட்டம்தான். அவர் வந்து பெட்டியைப் பிரித்த அன்றே நான் "டிக்கெட் எப்ப?" என்று கேட்பேன். அவர் கொண்டுபோகப் பருப்புப் பொடி இடிக்கவேண்டும், வடகம் பிழிந்து காயவைக்கவேண்டும், ஊறுகாய் ஊறவேண்டும். நாள் தெரிந்தால்தானே எதையும் தொடங்க முடியும்? ஒவ்வொரு லீவிலும் நான் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

ஒரு தடவை சாலையோரத்தில் மாதா சிலை வைத்த சின்னக் கெபிக்கு எதிரே நின்றுவிட்டது. தூறல் விழுந்தது. கெபிக்கு மெழுகுவத்தி ஏற்ற வந்த அம்மா ஒருவர், பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டு எங்கே போகிறோம் என்று விசாரித்தார். எங்கேயும் இல்லை, வண்டியைச் சரிபார்க்கத்தான் போகிறோம் என்றேன். சிரித்துக்கொண்டே போனார். நான் நாற்காலியிலேயே கண் அயர்ந்துவிட்டேன். விழித்துப் பார்த்தபோது வீட்டுக்காரர் வண்டியின் பின்பக்கம் குனிந்து நின்றார். என்னங்க என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார். அதன்பிறகும் வண்டி எப்போதும்போல நின்றுகொண்டுதான் இருந்தது.

கார்த்திகை பிறந்துவிட்டது. அன்று பேராவூரணியைத் தொடப்போகிறோம், இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. வண்டி விக்கி நின்றது. அவர் தோப்பு வேலிப் பக்கம் போயிருந்தார். பெட்ரோல் காட்டும் முள் எங்கள் வண்டியில் எப்போதோ செத்துப்போனது. அளந்து பார்க்கலாம் என்று கீழே கிடந்த மட்டையிலிருந்து ஒரு ஈர்க்கை உருவிக்கொண்டு டேங்க் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது டேங்க். பயந்தே போனேன். பிறகு மூடியைப் பார்த்தேன்.

ஆயுத பூஜையன்று வண்டிக்குச் சந்தனம் வைத்தது அவர்தான். எத்தனையோ பூஜைகளைத் தவறவிட்டவர் இல்லையா, ஓரிடம் விடவில்லை. விளக்கு, டயர், ஸ்டியரிங் எல்லாவற்றுக்கும் வைத்து, வண்டி சாப்பிடுகிற வாய் என்று பெட்ரோல் மூடிக்கும் நட்டநடுவில் ஒரு பொட்டு வைத்தார். அந்த நடுவில்தான் காற்றுப் போக ஒரு சின்னத் துளை இருக்கிறது. அது அடைபட்டால் டேங்குக்குள் காற்று நுழையாது. காற்று நுழையாமல் பெட்ரோல் எப்படி வெளியே வரும்? கொஞ்சம் ஓடி நிற்பதும், ஓய்ந்தபிறகு ஓடுவதும் இதனால்தான் என்று எனக்கே விளங்கிவிட்டது.

விளங்காதது வேறொன்று. பூஜைச் சந்தனம் மழையில் கரைந்து மூடியில் வெறும் கறையாகத்தான் இருந்தது. துளையின் மேல் இருந்தது ஈரச் சந்தனம். அன்று காலையில் இழைத்தது. குளித்துவிட்டு வந்து தினம் அவர் சந்தனக்கல்லில் இழைப்பதைப் பார்த்து, வயதானால் பக்தி வந்துவிடுகிறது என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

திரும்பினால் அவர் பின்னால் நின்றார். மூடி என் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டார்.

"எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"கெபிகிட்ட நின்னமே, அன்னிக்கு."

"அப்பறம் ஏன் சொல்லல?"

அவர் தோப்பைப் பார்த்தபடி சொன்னார். "சரியாயிடுச்சுன்னா டிக்கெட் எப்பன்னு கேப்ப."

பொடி இடிக்க நாள் கேட்டதாகத்தான் நான் நினைத்திருந்தேன். வந்து இறங்கிய வீட்டில், பெட்டியைப் பிரிப்பதற்குள், எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்கப்பட்டவராக அவர் இத்தனை லீவும் இருந்திருக்கிறார். அங்கே போய் ஒவ்வொரு தடவையும் இதை நினைத்திருப்பார். எனக்கு அழுகை வந்தது, அவர்மேல் கோபமும் வந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும்தான் சொல்லியிருக்கலாம்.

வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி அந்தத் துளையைக் குத்திச் சுத்தம் செய்தேன். ஒரு பிசிறு விடாமல் எடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அனுப்பிவைக்கத்தான் இதைச் செய்கிறேன் என்று நினைத்தது அவர் முகத்திலேயே தெரிந்தது. மூடியைத் திருகி மூடிவிட்டுச் சொன்னேன்.

"வண்டி ஓடட்டும். நீங்க போகாதீங்க."

அவர் பெட்ரோலும் சந்தனமும் அப்பிய என் கையை, பஸ்ஸும் லாரியும் போய்க்கொண்டிருந்த அந்தச் சாலையில், எல்லோரும் பார்க்கப் பிடித்துக்கொண்டார்.