கழித்து வைத்த ஒரு மணி நேரம்

தாஷ்கண்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவள் மொஹிதில். மண்டபக்காரர் ஹமிதுல்லா தேதியை ஒரு கட்டத்திலும் நேரத்தை இன்னொரு கட்டத்திலும் தட்டுவார். நிச்சயம் முடிந்தும் அவரவர் வீட்டில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையும் பெண்ணும் மாதிரி, அவை தனித்தனியாக எதற்கும் உதவாது. இரண்டையும் சேர்த்து, அழைப்பாக விருந்தாளிகளின் போனுக்கு அனுப்பும் வரி மொஹிதிலுடையது.

அந்த வரியின் வாலில் சத்தமில்லாமல் ஒரு மணி நேரத்தைக் கழித்து வைத்திருந்தாள். ஆறு என்று அழைத்தால்தான் ஏழுக்கு வருகிற ஊர். மூன்று வருடமாக எல்லாக் கல்யாணமும் நேரத்துக்குத் தொடங்கியது. எல்லாம் தன் கைராசி என்று ஹமிதுல்லா மீசையை நீவிக்கொண்டார்.

மொஹிதிலின் மகன் கல்யாணத்துக்கும் அதே மண்டபம், அதே வரி. ஊர் வழக்கப்படி கல்யாண நாள் காலை ஆறுக்கு ஆண்களுக்குப் புலாவ் விருந்து; மற்றவர்கள் வீட்டிலேயே வைக்கிற அதையும் இவள் மண்டபத்தில் வைத்தாள். எதற்கும் தாமதிக்கிற அந்த ஆண்கள் விடியற்காலைப் புலாவுக்கு மட்டும் நிமிடம் பிசகமாட்டார்கள் என்பது அவளுக்கு மறந்துபோயிற்று.

ஐந்து மணிக்கு முந்நூறு பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முதல் மேசையில் சம்பந்தி. இன்று ஒன்று குறைந்தாலும் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுகிற மனிதர்.

மொஹிதில் சமையல்காரரிடம் ஓடினாள். "மூடியைத் திறங்கண்ணே!"

"இப்பத்தான் அரிசி போட்டேன் தங்கச்சி. சம்பந்திக்குக் கஞ்சி ஊத்தப்போறியா?"

ஹமிதுல்லா போனும் கையுமாக வந்தார். "ஆறுன்னுதானே தட்டினேன்! இதுல அஞ்சுன்னு இருக்கு. எனக்குக் கண்ணு போச்சா, உன் கம்ப்யூட்டருக்குப் புத்தி போச்சா?"

"நான்தாண்ணே ஒரு மணி நேரம் கழிச்சு அனுப்பறேன். மூணு வருஷமா."

"எல்லாக் கல்யாணத்துக்குமா?"

"ஆமா. இல்லாட்டி எவன் வர்றான்?"

அவர் கை மீசையிலிருந்து இறங்கியது. "அப்போ என் கைராசி?"

"அது ஒத்தை வரிண்ணே."

ஹமிதுல்லா கூடத்தை எட்டிப் பார்த்தார். சம்பந்தி எழுந்து வாய் திறக்கப் போனார். கல்யாணத்துக்கு ஊத ஆள் உயரக் கொம்புகளோடு வாசலில் நின்ற வாத்தியக்காரர்களைப் பார்த்து, "ஊதுங்கப்பா, நிறுத்தாதீங்க!" என்று கத்தினார் ஹமிதுல்லா.

ஒரு மணி நேரம் ஊதினார்கள். யார் என்ன குறை சொன்னாலும் பக்கத்து ஆளுக்கே கேட்கவில்லை. ரொட்டியும் தேநீரும் வந்துகொண்டே இருந்தன. வேலைக்குப் போகிறவர்கள்கூடப் புலாவ் வாசனையை விட்டு எழவில்லை. ஆறு மணிக்குத் தட்டுகள் வந்தன.

சம்பந்தி காதைக் குடைந்துகொண்டே தன் தம்பியிடம் சொன்னார்: "பார்த்தியா, சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் கச்சேரி! நம்ம வீட்டுல எவன் வெச்சான்?"

கூட்டம் கலைந்ததும் ஹமிதுல்லா வந்தார். "புலாவுக்கு மட்டும் அந்தக் கழித்தலை எடுத்துடு."

"கல்யாணத்துக்கு?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணரை மணியாக்கிடு. போன வாரம் கொஞ்சம் லேட்டாத்தான் வந்தானுங்க."

கை மறுபடி மீசைக்குப் போயிருந்தது.