பதினோராம் பக்கம்

தாராவியில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு இருபத்தாறு வருடமாகப் பிரம்மநாயகம்தான் செயலாளர். ஓசியில் வருவது எதையும் அவர் நம்பமாட்டார், கல்யாணச் சாப்பாடு தவிர. சங்கத்துக் கணினியிலும் காசு கொடுத்து வாங்கிய தமிழ் மென்பொருள்தான். அதற்குக் கட்டைவிரல் நீளத்தில் ஒரு பூட்டு உண்டு. கணினியின் பின்னால் அதைச் செருகினால்தான் கோப்புகள் திறக்கும்.

1999-ல் எந்த வீட்டில் யார் குடியிருந்தார்கள் என்ற நாற்பது பக்கப் பட்டியலை அதில்தான் அடித்து வைத்திருந்தார். அடித்து முடித்ததும் கையெழுத்துத் தாள்களைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டார்.

"கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சி, பொறவு எதுக்குவே குப்பை?" என்றார்.

சில வருடங்களுக்கு முன்பு ஓர் அரசு அலுவலகம் அந்தப் பட்டியலை, எந்தக் கணினியிலும் திறக்கிற பொது வடிவத்தில் கேட்டது. புதிய விதி அப்படியாம். பக்கத்துச் சயானில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் தெரு ஷாலினி இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். பழைய கோப்பு அதில் திறக்காததால் எல்லாவற்றையும் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. பிரம்மநாயகம் பத்துப் பக்கம் அடித்தார்.

"ஓசிச் சரக்குக்கு இது போதும்" என்று நிறுத்திக்கொண்டார். அலுவலகமும் மறுபடி கேட்கவில்லை.

ஆயுத பூஜைக்குக் கணினிக்குப் பொட்டு வைப்பார். போன வருடம் பக்தி கொஞ்சம் கூடிவிட்டது. பூட்டைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்து, முனையிலும் சந்தனம் அப்பினார். அதன்பிறகு அது வேலை செய்யவில்லை. விற்ற கம்பெனியை மூடி ஏழு வருடமாகியிருந்தது.

இந்த வருடம், 2000-க்கு முன்பிருந்தே குடியிருப்பவர்களுக்குப் புது வீடு கொடுப்பதற்காக வீடுகளைக் கணக்கெடுக்க வந்தார்கள். வேறு சான்று இல்லாதவர்களுக்குச் சங்கப் பட்டியலில் பெயர் இருந்தால் பார்க்கலாம் என்றார் அதிகாரி. மழைவெள்ளத்தில் காகிதமெல்லாம் போன பேராச்சிக்கு வீடு கிடைக்க அது ஒன்றுதான் வழி.

ஷாலினி பத்துப் பக்கத்தையும் அச்செடுத்தாள். பெயர்கள் வீட்டு எண் வரிசையில் இருந்தன. இரண்டாம் பக்கத்தில் பிரம்மநாயகம் பத்திரமாக இருந்தார். கடைசிப் பக்கம் நூற்று இருபதாம் வீட்டோடு முடிந்தது. பேராச்சியின் வீடு நூற்று இருபத்து நாலு.

"எம்பேரு இருக்கா அண்ணாச்சி?"

"அடிச்சேன் தாயி. என் கையாலதான் அடிச்சேன்."

"நீங்க அடிச்சது எனக்குத் தெரியும் அண்ணாச்சி. அந்த ஆபீசருக்குத் தெரியணும்லா?"