ஒரு விரல் வலப்பக்கம்

பேருந்தில் போனாலும் அவளுடைய வலது கால் சும்மா இருக்காது. முன்னால் ஒரு லாரி வேகம் குறைந்தால் போதும், தரையை ஒரு அழுத்து அழுத்தும். பதினோரு வருடமாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி காரில், பழகுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தனக்கென்று வைத்திருக்கும் தனி பிரேக்கை மிதித்து மிதித்து வந்த பழக்கம். "மேசை விளிம்புல டம்ளர் இருந்தாக்கூட இவளுக்குக் கால்தான் முதல்ல போகும், கை அப்புறம்தான் வரும்" என்று தையல்காரரான கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். தெருவில் அவளுக்கு பிரேக் டீச்சர் என்றுதான் பெயர்.

அப்படிப்பட்டவளை நிற்க வைத்துக்கொண்டு முதலாளி, "உங்களுக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியல டீச்சர்" என்றார்.

அலுவலக மேசையில் ஆறு தாள்கள் கிடந்தன. இரண்டு மாதத்தில் ஓட்டுநர் தேர்வில் தோற்ற ஆறு பேருடைய தாள்கள். அவருக்குப் பின்னாலிருந்த பலகையில் 'சென்ற மாதத் தேர்ச்சி' என்று எழுதி ஒரு எண் போட்டிருக்கும். மாதாமாதம் அதன்மேல் வொய்ட்னர் பூசிப் புது எண் எழுதுவார். பூசிப் பூசி அந்த இடம் மட்டும் வீங்கிப்போயிருந்தது.

"ஆறு பேரும் கோட்டை விட்டுட்டாங்க."

"கோட்டை விடல சார். கோட்டைத் தொட்டாங்க. அதான் பெயில்."

"இந்தப் பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. போன வருஷம் ரெண்டு தடவை தோத்தாரே, குழாய் ரிப்பேர் பண்றவரு, வியாழக்கிழமை அந்தக் குழாய்க்காரருக்கு மூணாவது தேர்வு. அவரும் போச்சுன்னா, அடுத்த மாசத்துலேர்ந்து நீங்க இங்க உக்காந்து போன் எடுங்க. வண்டிக்கு வேற ஆளு பாத்தாச்சு."

ஆளு பாத்தாச்சாம். அவள் ஆறு தாள்களையும் அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

காரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். ஆறிலும் அதிகாரி ஒரே வரியைத்தான் கிறுக்கியிருந்தார்: வண்டியைக் கிளப்பும்போது வலது கோட்டைத் தொட்டார். ஆறு பேரும் ஆறு விதம். ஒருத்தன் ஹாரன் அடிக்கக்கூட அனுமதி கேட்பான். இன்னொருத்தன் பிறக்கும்போதே ஸ்டீயரிங்கோடு பிறந்தவன் மாதிரி நடந்துகொள்வான். பயந்தவனும் துணிந்தவனும் எப்படி ஒரே பக்கமாகப் போவார்கள்? அந்த ஊரில் தேர்வுக்கு அரசாங்கத்துக் காரைத்தான், தரையில் போட்ட இரண்டு கோட்டுக்கு நடுவே ஓட்ட வேண்டும். அந்தக் காரில் இவர்கள் வலது பக்கம் போகிறார்கள் என்றால்?

ஒரு கிடங்குக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்துக்குப் பள்ளிக் காரை ஓட்டிப் போனாள். நேராக நிறுத்தி, ஸ்டீயரிங்கில் கையைப் பட்டும் படாமல் வைத்துக்கொண்டு, ஆக்சிலேட்டரை அழுத்தினாள். கார் இடது பக்கம் இழுத்தது. காலை எடுத்தாள். தலையை ஆட்டுவதுபோல வலப்பக்கம் திரும்பியது. மறுபடி அழுத்தினாள், இடது. எடுத்தாள், வலது.

'கிளப்பும்போது ஸ்டீயரிங் ஒரு விரல் வலப்பக்கம்.' இதை அவள் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்? நினைவில்லை. வண்டி இழுத்ததை அவள் கை அவளுக்குத் தெரியாமலே சரிக்கட்டிக்கொண்டது. கை கண்டுபிடித்த வைத்தியத்தை வாய் பாடமாக்கிவிட்டது. ஆறு பேரும் அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய் நேரான காரில் ஒப்பித்திருக்கிறார்கள்.

பள்ளியின் கார்களைப் பார்ப்பது முதலாளியின் மச்சான் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப். மச்சான் காரை, சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அளக்கும் அலைன்மென்ட் மெஷினில் ஏற்றி, வந்த சீட்டைக் கிழித்து நீட்டினான். எல்லா எண்ணும் பச்சை, கோளாறு இல்லை.

"மெஷின் பொய் சொல்லாது டீச்சர்."

"மெஷின்ல வண்டி நின்னுக்கிட்டுதானே இருக்கு? நான் ஓட்டும்போது இழுக்குதுங்கறேன்."

"ரோடு சாய்வா இருக்கும்."

"சாய்வு ஒரு பக்கம்தானே இருக்கும்? காலை எடுத்தா ஏன் அந்தப் பக்கம் போகுது?"

"டீச்சர், நீங்க ஊசி நூல் விஷயம் கேட்டா வீட்டுல பதில் கிடைக்கும். இஞ்சினெல்லாம் எங்ககிட்ட விட்டுடுங்க" என்றான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

அன்று மாலை வீட்டில் பாத்திரங்கள் எல்லாம் சத்தமாகவே பேசின. கணவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஊசி நூல்னு சொன்னானா?"

"சொன்னான்ங்க. பல்லைக் காட்டிக்கிட்டே சொன்னான்."

அவர் பழுதுபார்க்க வந்த ஒரு சட்டையை எடுத்து மேசையில் விரித்தார். "எங்க விட்டிருக்கு, சொல்லு."

"நல்லாத்தானே இருக்கு."

தோளையும் கையையும் பிடித்து இழுத்தார். அக்குளில் தையல் இளித்துக்கொண்டு நின்றது.

"மேசைல போட்டா எல்லாத் தையலும் நல்ல தையல்தாம்மா. இழுத்தாத்தான் எது இளிக்குதுன்னு தெரியும். இதத்தான் அவன் ஊசி நூல்னு கேலி பண்ணியிருக்கான், மடையன்."

மறுநாள் காலை குழாய்க்காரர் பயிற்சிக்கு வந்தபோது, அவள் கையில் அலுவலக மேசையிலிருந்து எடுத்த வொய்ட்னர் புட்டி இருந்தது.

"என்ன டீச்சர், எழுத்துப் பரீட்சையா?"

"உங்களுக்கு இல்லண்ணே, வண்டிக்கு. இன்னைக்கு நீங்க ஓட்ட வேணாம், படுக்கணும்."

முதலில் டயர்களில் காற்றுப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தது. முன் டயர்களை இடம் மாற்றிப் போட்டு ஓட்டினார்கள். டயரில் கோளாறு என்றால் இழுப்பும் பக்கம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. ஓட்டி நிறுத்தியதும் இரண்டு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தாள். பிரேக் எங்காவது பிடித்துக்கொண்டிருந்தால் அந்தச் சக்கரம் சுட்டிருக்கும். இரண்டிலும் ஒரே இளஞ்சூடு. மிச்சம் இருந்தது, சக்கரத்தை வண்டியோடு 'தைத்து' வைத்திருக்கும் இடம்.

முன்பக்கத்தைத் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தபின் குழாய்க்காரர் டார்ச்சோடு அடியில் நுழைந்தார். "டீச்சர், சக்கரத்துலேர்ந்து உள்ள ஒரு இரும்புக் கை வருது. போல்ட் போட்டு மாட்டியிருக்கு."

"அதேதாண்ணே. அந்த இடத்தைத் துடைச்சிட்டு, அந்தக் கையிலேர்ந்து வண்டிச் சட்டம் வரைக்கும் குறுக்கால ஒரு கோடு போடுங்க. ரெண்டு பக்கமும்."

கோடு காய்ந்ததும் காரை இறக்கி, இருபது தடவை வேகமாகக் கிளப்பி நிறுத்தினாள். மறுபடி தூக்கி, இந்த முறை அவளே அடியில் படுத்தாள். வலது பக்கக் கோடு போட்டது போட்டபடி இருந்தது. இடது பக்கக் கோடு இரண்டாக முறிந்து, ஒரு பாதி இன்னொன்றிலிருந்து ஒரு அரிசி அகலம் தள்ளி நின்றது.

மல்லாந்து கிடந்தபடியே அவளுக்கு எல்லாம் வரிசையாக விளங்கியது. பழகுகிறவர்கள் மிதித்தே கிளட்சைத் தீய்த்துவிடுவார்கள் என்பதால் பள்ளிக் காருக்கு வருடாவருடம் கிளட்ச் மாற்றுவார்கள். மூன்று மாதம் முன்பு மச்சான்தான் மாற்றினான். அதற்கு இந்த இரும்புக் கையைக் கழற்றியாக வேண்டும். திரும்ப மாட்டினவன் போல்ட்டை விரலால் சுற்றிவிட்டு, கடைசி முறுக்கை மறந்திருக்கிறான். வண்டி நிற்கும்போது எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். சக்கரம் உந்தும்போது நகர்ந்துகொள்ளும். ஆறு பேர் வெறுங்கையோடு திரும்பியது இதற்காக. முதலாளி அவளுடைய பதினோரு வருடத்தைக் குப்பையில் போடப் பார்த்தது இதற்காக.

"அது கழண்டு விழுந்திருந்தா என்ன டீச்சர் ஆகியிருக்கும்?" என்று குழாய்க்காரர் கேட்டார். அவள் எழுந்து முதுகு மண்ணைக்கூடத் தட்டாமல், நடக்கிற வேகத்தில் காரை ஒர்க்‌ஷாப்புக்கு உருட்டிக்கொண்டு போனாள்.

"படுத்துப் பாருங்க."

"டீச்சர், நான்தான் நேத்தே..."

"படுத்துப் பாருங்கன்னு சொன்னேன்."

மச்சான் படுத்தான். பிறகு ஒரு கை மட்டும் வெளியே வந்து நீளமான ஸ்பானரைத் தேடியது. போல்ட் முழுதாக முக்கால் சுற்று ஏறியது. எழுந்து வந்தவன் கையைத் துடைத்துக்கொண்டு, "யாரு இதுல வொய்ட்னர் அடிச்சது?" என்றான், என்னவோ குற்றமே அதுதான் என்கிற மாதிரி.

திரும்பி வரும்போது கார் நேராக இருந்தது. கோணல் அவள் கையில் இருந்தது. ஒவ்வொரு தடவை கிளப்பும்போதும் வண்டி வலப்பக்கம் ஒதுங்கியது. தன் கையைத் தானே அதட்ட வேண்டியிருந்தது.

"அண்ணே, அந்த ஒரு விரல மறந்துடுங்க."

"நீங்கதானே டீச்சர் சொன்னீங்க? ராத்திரி தூக்கத்துலகூட வலப்பக்கம்தான் புரள்றேன்."

"நான்தான் சொன்னேன். நான்தான் வேணாங்கறேன்."

இருந்த நேரமெல்லாம் மறப்பதற்கே போனது. வியாழக்கிழமை குழாய்க்காரர் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நூல் பிடித்த மாதிரி போய் நிறுத்தித் தேறிவிட்டார்.

முதலாளி எழுந்து நின்று வரவேற்றார். "பாத்தீங்களா டீச்சர்! நான் ஒரு சத்தம் போட்டதும் எப்படி வேலை நடக்குது! சரி, என் வொய்ட்னர் எங்க?"

அவள் புட்டியை மேசையில் வைத்தாள். வைத்த சத்தத்தில் அவர் ஒரு அடி பின்னால் போனார்.

"மீதி ஆறு பேருக்கும் சொல்லணும் சார்."

"என்னன்னு?"

"தப்பு உங்கமேல இல்ல, எங்க வண்டிமேலன்னு."

"உங்களுக்கென்ன பைத்தியமா? போல்ட்டை முறுக்கியாச்சு, ஆள் பாஸ் ஆயாச்சு, விடுங்க. பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுப்போகும்."

"அவங்கவங்க வீட்டுல அவங்களுக்கு என்ன பேரு வச்சிருப்பாங்கன்னு நினைச்சுப் பாத்தீங்களா சார்? உதவாக்கரைன்னு வச்சிருப்பாங்க. எனக்கு நீங்க வச்சீங்களே, அதே மாதிரி."

சொல்லிவிட்டு மேசைக்கு இந்தப் பக்கமிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "போன் எடுக்கச் சொன்னீங்கல்ல? எடுக்கறேன்."

ஐந்து பேரிடம் பேசினாள். ஒருவர் நம்பவில்லை. ஒருவர் அழாத குறையாகத் தன் மனைவியிடம் இதையே ஒரு தடவை சொல்லச் சொன்னார். ஆறாவது ஒரு கல்லூரிப் பெண். அவள் எல்லாவற்றையும் கடைசிவரை கேட்டாள்.

"நான் அப்பவே சொன்னேனே டீச்சர், வண்டி இடது பக்கமா இழுக்குதுன்னு. நீங்கதான், வண்டிமேல பழி போடாத, கைய ஒழுங்கா பிடின்னீங்க."

மேசைக்கடியில் அவளுடைய வலது கால் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் எதுவும் இல்லை.

"ஆமாம்மா. சொன்னேன்" என்றாள். "நீ சொன்னதுதான் சரி. நாளைக்குக் காலைல வா."

"சார் விடுவாரா?"

பலகைக்கு முன்னால் முதலாளி நின்றுகொண்டிருந்தார். புது எண் எழுதுவதற்காக ஈர வொய்ட்னரை வாயால் ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"சார்கிட்ட நான் பேசிக்கறேன். நீ வா."