முன்னால் நகர்ந்த கோப்பை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை, மீட்டர் முள் என்ன காட்டுகிறதோ அதுதான் எனக்கு உண்மை. பக்கத்து சீட்டுப் பெண் மந்திரித்த கயிறு கட்டிக்கொண்டு வந்ததற்குக் கிண்டல் செய்தே அழ வைத்திருக்கிறேன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரருக்குக் காபிப் பைத்தியம். கோயமுத்தூரில் எந்த மூலையில் சின்னதாக ஒரு காபிக் கடை திறந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அங்கே போயாக வேண்டும். கொட்டையைத் தாங்களே வறுத்து, எந்த மலை, எந்த எஸ்டேட் என்று பலகையில் எழுதி வைத்து, ஒரு கோப்பைக்கு வெகுநேரம் காக்க வைப்பார்களே, அந்த மாதிரிக் கடைகள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆரஞ்சுத் தோல் வாசம் வருது பாரு அம்மணி" என்பார். "எனக்குப் பில்லு வாசந்தானுங்க வருது" என்பேன்.

அங்கே ஒரு விளையாட்டு நடத்துவார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் மும்மூன்று கோப்பையாகச் சில வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் இரண்டில் ஒரே காபி, ஒன்றில் வேறு. நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று ஜன்னலை அடைத்துச் சிவப்பு பல்பு மட்டும் போடுவார்கள், யாரும் பேசக் கூடாது. ஸ்பூனில் உறிஞ்சிப் பார்த்து, வேறாக இருக்கிற கோப்பையை முன்னால் தள்ளி வைக்க வேண்டும். எனக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை. அவர் என் இடது பக்கம் நின்று, யாரும் பார்க்காதபோது ஒற்றை விரலால் சரியான கோப்பையைத் தள்ளிவிடுவார். சந்தேகம் வந்தால் பாதி தள்ளி, பின்னால் இழுத்து, மறுபடி தள்ளுவார். எங்கள் இரண்டு பேரைத் தவிர அந்தத் திருட்டுத்தனம் ஒருவருக்கும் தெரியாது.

போன மழைக்காலத்தில் அன்னூரில் வேலை இருக்கிறது என்று பைக்கில் கிளம்பினார், திரும்பி வரவில்லை. வண்டி உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டில் பூட்டி நின்றது, ஹெல்மெட் வண்டியின் பக்கக் கண்ணாடியில் மாட்டியிருந்தது. அன்னூர் எங்கே, உடுமலை எங்கே. ஆஸ்பத்திரி, சொந்தக்காரர்கள் வீடு எல்லாம் தேடியாயிற்று. "அவராத்தான் போயிருக்கறாருங்க, அவராவே வந்துருவாருங்க" என்று போலீஸ் ஸ்டேஷனில் கைகழுவிவிட்டார்கள்.

என் அத்தை, அதாவது அவருடைய அம்மா, அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பேர் வெட்டிய டம்ளர் உண்டு. இன்றுவரை தினமும் காலையில் மூன்றிலும் காபி ஊற்றுவார், மகனுடையது ஆறிப்போனதும் கொட்டுவார். "வந்துருவான் கண்ணு" என்பார். நானும் நம்பினேன். உயிரோடு இருந்தால் அந்த மனுஷனால் நல்ல காபி குடிக்காமல் இருக்க முடியாது என்பது என் கணக்கு. ஞாயிறு தவறாமல் போட்டோவை எடுத்துக்கொண்டு ரேஸ்கோர்ஸ், ஆர்.எஸ்.புரம், சாய்பாபா காலனி என்று கடை கடையாக ஏறி இறங்கினேன்.

பீளமேட்டில் ஒரு கடை, அவர் போனபிறகு திறந்தது. கடைக்காரப் பையன் போட்டோவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "பாத்த மாதிரி இல்லீங்க்கா. இன்னிக்கு மத்தியானம் டேஸ்டிங் வெச்சிருக்கறோம், காபிக்காரங்க நெறையப் பேரு வாராங்க, அவங்களக் கேட்டுப் பாருங்க. ஒரு எடம் இருக்குது, நீங்களும் நில்லுங்க."

மேஜையின் இடது கோடியில், சுவரை ஒட்டி நின்றேன். சிவப்பு பல்பு எரிந்தது. நான் ஸ்பூனைக்கூட எடுக்கவில்லை, நடுக் கோப்பை மரத்தில் உரசிக்கொண்டு முன்னால் போனது. மேஜை சாய்வாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன், என் புத்தி அப்படி. அடுத்த வரிசையில் கோப்பைகளைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தேன். ஒன்று பாதி நகர்ந்தது, நின்றது, பின்னால் போனது, மறுபடி முன்னால் வந்தது.

நம்புங்கள், நம்பாமல் போங்கள், எனக்குப் பயமே வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. "வந்துட்டீங்களா?" என்று வாய்க்குள் கேட்டுக்கொண்டு இடது பக்கம் திரும்பினேன். என் தோள் சுவரில் இடித்தது. அங்கே ஒரு ஆள் நிற்க இடமே இல்லை.

விளக்கைப் போட்டார்கள். "அக்கா, எல்லாமே கரெக்ட்டுங்க! எங்கீங்க கத்துக்கிட்டீங்க?" என்றான் பையன். எல்லோரும் கை தட்டினார்கள். உயிரோடு இருக்கிற மனுஷன் கதவு வழியாகத்தானே வருவார். தேட இனிமேல் ஒன்றுமில்லை என்று எனக்கு அங்கேயே தெரிந்துபோயிற்று. போட்டோவை வேறு யாரிடமும் காட்டாமல் வந்துவிட்டேன்.

அத்தையிடம் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

ஆனால் அது அந்தக் கடையோடு முடியவில்லை. மறுநாள் காலை அத்தை காபியை ஊற்றி வைத்துவிட்டு வாசலுக்குப் போயிருந்தார். நான் உள்ளே போனபோது சமையல் மேடையில் ஒரு டம்ளர் மட்டும் விளிம்பு வரை முன்னால் வந்திருந்தது. என் வீட்டுக்காரருடையதாகத்தான் இருக்கும் என்று பேரைப் பார்த்தேன். அத்தையுடையது. அத்தையின் காபியில் சர்க்கரை கிடையாது, அதனால் அது வேறு காபி, அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அதற்கடுத்த நாள் நானே ஒரே காபியைச் சர்க்கரை இல்லாமல் மூன்றிலும் ஊற்றி, வரிசையாக வைத்துவிட்டு வெளியே வந்தேன். திரும்பப் போனால் மறுபடியும் அதே டம்ளர்.

"அத்தை, நீங்க டம்ளர நவுத்துனீங்களா?"

"நானெதுக்குக் கண்ணு நவுத்தப் போறேன்? ஏன், மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு?"

இன்றைக்குக் காலையிலும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். வேறாக இருப்பதைத்தான் அவர் முன்னால் தள்ளுவார். அத்தையின் டம்ளர் தனியாக முன்னால் வந்திருந்தது. அவருடையதும் என்னுடையதும் ஒரே காபி மாதிரி பின்னால் ஒன்றாக நின்றன.